நீர்த்துறைக்குப் புதிதாக வந்தவர் தொடர்புகளை வளர்ப்பதும் வழிகாட்டியைப் பிடிப்பதும் எப்படி?

கேள்வி: படிப்பு முடித்து, கழிவுநீர் சுத்திகரிப்பு வேலையில் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. என் அலுவலகத்தைத் தாண்டி யாரையும் தெரியாது. லிங்க்டுஇன்னில் பெரியவர்களுக்குச் செய்தி அனுப்பினால் பதில் வருவதில்லை. கருத்தரங்குகளில் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்புகிறேன். தொடர்புகளை எப்படி வளர்ப்பது? நல்ல வழிகாட்டி எப்படிக் கிடைப்பார்? வேலை மாற அவர்களிடம் உதவி கேட்கலாமா?

பதில்:

இந்தத் துறையின் குணத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மண்ணுக்குள் போன குழாய் 50 ஆண்டு, சில இடங்களில் 100 ஆண்டுகூடக் கிடக்கும். அதைக் கவனித்துக்கொள்கிறவர்களும் பெரும்பாலும் வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் நாள்வரை இதே துறையில்தான் சுற்றுவார்கள். இன்று டெண்டரில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவர் ஐந்து வருடம் கழித்து ஒரே கம்பெனியில் இருப்பார்கள். பெயர் கெட்டால் அது போகுமிடமெல்லாம் கூடவே வரும்.

நல்ல பக்கமும் உண்டு. ஒரு நகரின் குடிநீர் வாரியத்துக்கு அடுத்த நகரின் வாரியம் போட்டியாளர் அல்ல. வாடிக்கையாளரைப் பறித்துக்கொள்ள வழியே இல்லாததால், தெரிந்ததை மறைத்து வைப்பதில் யாருக்கும் லாபமில்லை. 2009இல் ஐ.நா. ஹாபிடாட்டின் கீழ் தொடங்கிய உலகளாவிய நீர்ச் சேவை நடத்துவோரின் கூட்டணி இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. ஒரு நீர் வாரியம் லாபநோக்கமில்லாமல் இன்னொரு வாரியத்துக்குக் கைகொடுக்கும் ஏற்பாடு அது. வாரியங்களே இப்படிப் பகிர்ந்துகொள்ளும்போது தனி மனிதர்கள் சொல்லித்தர ஏன் தயங்கப்போகிறார்கள்? கேட்டால் சொல்வார்கள். உங்கள் செய்திகளுக்குப் பதில் வராததற்குக் காரணம், அநேகமாக, நீங்கள் கேட்கும் விதம்.

வழக்கமாக அனுப்பப்படும் செய்தி இப்படி இருக்கும்: “வணக்கம் சார், எனக்கு நீர்த்துறையில் மிகுந்த ஆர்வம். உங்கள் வழிகாட்டுதல் வேண்டும். நேரம் இருக்கும்போது பேசலாமா?” இதில் மரியாதைக்குக் குறையில்லை. ஆனால் படிக்கிறவர் என்ன பதில் எழுதுவார்? உங்களுக்கு என்ன தெரியும், எங்கே சிக்கியிருக்கிறீர்கள் என்பதையெல்லாம் அவரே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று வைப்பார். அந்த அப்புறம் வராது.

அதே ஆளுக்கு இப்படி எழுதிப் பாருங்கள்:

“வணக்கம். சேறு சரியாகப் படியாத பிரச்சினை பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். நான் பார்க்கும் நிலையத்தில் 30 நிமிட செட்டிலிங் லிட்டருக்கு 620 மி.லி., எம்எல்எஸ்எஸ் 2,500 மி.கி., எஸ்விஐ 248 வருகிறது. ஏரேஷன் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் காலை நேரத்தில் லிட்டருக்கு 0.6 மி.கி. வரை இறங்குகிறது. மைக்ராஸ்கோப்பில் இழை பாக்டீரியா நிறையத் தெரிகிறது. சேறு வெளியேற்றும் அளவில் கை வைப்பதற்கு முன் ஆக்சிஜனைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். எதையாவது பார்க்காமல் விட்டேனா? இரண்டு வரி போதும்.”

எம்எல்எஸ்எஸ் என்பது ஏரேஷன் தொட்டியில், அதாவது காற்றூட்டும் தொட்டியில், மிதக்கும் திடப்பொருளின் அளவு. படிந்த அளவை 1,000ஆல் பெருக்கி எம்எல்எஸ்எஸ்ஸால் வகுத்தால் எஸ்விஐ, சேறு எவ்வளவு நன்றாகப் படிகிறது என்று காட்டும் எண். அது 150ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 248 என்றால் சேறு உப்பிவிட்டது என்று அர்த்தம். இந்தச் செய்தியைப் படிக்கிறவருக்கு நீங்கள் அளந்திருக்கிறீர்கள், கணக்குப் போட்டிருக்கிறீர்கள், சொந்தமாக ஒரு முடிவும் வைத்திருக்கிறீர்கள் என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அனுபவசாலிகளுக்கு இப்படிப்பட்ட கேள்வி ஒரு புதிர் மாதிரி. சும்மா விட மனம் வராது.

பெரும்பாலும் பதிலாக வருவது ஓர் எதிர்க்கேள்விதான்: “நீர்த்துப் பார்த்தீர்களா?” அதாவது மாதிரியோடு க்ளாரிஃபையரிலிருந்து (சேறு படியும் தொட்டி) வெளிவரும் தெளிந்த நீரைச் சரிபாதி கலந்து மறுபடி 30 நிமிடம் வைப்பது. 290 வந்தால் இரண்டால் பெருக்க 580. பழைய 620க்குப் பக்கத்தில் இருப்பதால் சேற்றின் குணமே கெட்டிருக்கிறது என்று தெரியும். 150தான் வந்தது, பெருக்கினால் 300தான் என்றால் கதை வேறு. ஜாடிக்குள் நெரிசல் அதிகமாகி இறங்க இடமில்லாமல் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் செய்ய வேண்டியது, அந்தச் சோதனையை அந்த வாரமே செய்து எண்ணை அவருக்கு அனுப்புவது. புதியவர்களில் பாதிப்பேர் சறுக்குவது இங்கேதான். “நன்றி சார், செய்து பார்க்கிறேன்” என்பதோடு காணாமல் போவார்கள். ஆலோசனை சொன்னவருக்கு அதன் பலன் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளும் ஆசை எப்போதும் இருக்கும். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவரை மறக்க மாட்டார்.

குழாய் விநியோகப் பக்கம் இருப்பவர்கள் இதே முறையில் நள்ளிரவு குறைந்தபட்ச ஓட்டத்தைப் பற்றிக் கேட்கலாம். அதிகாலை 2 முதல் 4 மணிவரை ஊர் தூங்கும்போதும் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அதில் பெரும்பங்கு கசிவு. ஒரு மண்டலத்தின் ஒரு வார இரவு ஓட்டத்தை வரைபடமாகப் போட்டு எடுத்துப்போனால், நீர் இழப்பைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் பேச்சைத் தொடங்கிவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. எண்களை வெளியாளிடம் கொடுப்பதற்கு முன் உங்கள் மேலாளரிடம் வாய்விட்டு அனுமதி கேளுங்கள். நிலையத்தின் பெயர், இடம் வேண்டாம். குழாய் வரைபடம், வால்வுகள் இருக்கும் இடம், ஸ்காடா (நிலையத்தைக் கணினி வழியே கண்காணித்து இயக்கும் அமைப்பு) திரையின் படம் ஆகியவற்றை அனுமதி இருந்தாலும் சமூக ஊடகத்தில் போடக் கூடாது. குடிநீர் அமைப்பின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட சமாச்சாரம் அது. வேலைக்குச் சேர்ந்த பெருமையில் கன்ட்ரோல் ரூம் முன்னால் செல்ஃபி எடுத்துப் போட்டால், பின்னணித் திரையில் என்ன தெரிகிறது என்று உங்களைவிட மற்றவர்கள் கவனமாகப் பார்ப்பார்கள்.

யாரிடம் போவது என்பதற்கு ஒரு தாளில் ஏழு கட்டம் போடுங்கள்: நிலையத்தை ஓட்டுகிறவர்கள், வடிவமைக்கும் கன்சல்டன்சி, கட்டும் காண்ட்ராக்டர், கருவி விற்பவர்கள், பரிசோதனைக்கூடம், விதிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு, ஆராய்ச்சி. ஒவ்வொன்றிலும் உங்களுக்குத் தெரிந்த பெயரை எழுதுங்கள். ஐந்து கட்டம் காலியாக இருக்கும். அடுத்த ஆறு மாதத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் வந்தால் போதும். ஒரே கட்டத்தில் இருபது பேரைச் சேர்ப்பதைவிட இது மேல்.

எல்லோரும் முதலில் தேடுவது பேராசிரியரையும் தலைமைப் பொறியாளரையும். ஆனால் உங்கள் நிலையத்தின் மூத்த ஷிப்ட் ஆபரேட்டருக்கு மேல் முதல் ஆசிரியர் கிடையாது. எந்த வால்வு வரைபடத்தில் திறந்திருக்கிறது, நிஜத்தில் பாதி மூடியிருக்கிறது, எந்த அலாரத்தை யாரும் சட்டை செய்வதில்லை, ஏன், மழை வந்தால் எந்த பம்ப் முதலில் படுக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஷிப்ட் மாறும் நேரத்தில் போய் நிற்காதீர்கள். லாக் புக் ஒப்படைத்து, முதல் ரவுண்டு முடிந்தபின் போங்கள். அவரோடு ஒரு ரவுண்டு நடந்துவிட்டு, மாதிரி எடுக்கும் பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டு, “இந்த ரீடிங் எவ்வளவுக்குப் போனால் நீங்கள் கவலைப்படுவீர்கள்?” என்று கேளுங்கள். கையேட்டில் இல்லாத எண் கிடைக்கும். பதிலுக்கு நீங்களும் ஏதாவது செய்யலாம்: கிழிந்துபோன குழாய் வரைபடத்தைச் சுத்தமாக வரைந்து கொடுப்பது, கையால் கூட்டிக்கொண்டிருக்கும் தினசரிக் கணக்கை எக்செல்லில் போட்டுக் கொடுப்பது. சொல்லித்தந்த விஷயத்தை மேலதிகாரிகள் முன் உங்கள் கண்டுபிடிப்பு மாதிரி அவிழ்த்துவிட்டால் மட்டும் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். அவர் பெயரைச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்து, யாரும் பெரிதாக மதிக்காத ஒரு கூட்டம்: பம்ப், ப்ளோயர் (காற்றூதி), மெம்பரேன் (சவ்வு வடிகட்டி), டோசிங் கருவி (ரசாயனம் அளந்து கலப்பது) விற்கும் கம்பெனிகளின் சர்வீஸ் இன்ஜினியர்கள். வருடத்தில் எத்தனையோ நிலையங்களுக்குள் போய்வருவார்கள். எங்கே என்ன ஓடுகிறது, எங்கே ஆள் தேவைப்படுகிறது என்ற செய்தி இவர்களிடம்தான் முதலில் இருக்கும். ஆனால் உங்கள் நிறுவனம் டெண்டர் விட்டிருக்கும் நாட்களில் பொருள் சம்பந்தமாக ஒரு வார்த்தை பேசாதீர்கள். அவர்களிடம் விருந்து, பரிசு எதையும் வாங்காதீர்கள். புதியவரிடம்தான் மதிப்பீட்டுக் குழுவில் யார் யார் என்று நைசாகக் கேட்பார்கள்.

இனி நிலையங்களைச் சுற்றிப் பார்ப்பது. தொடர்பு வளர்ப்பில் இதற்கு ஈடு எதுவும் இல்லை, கருத்தரங்கு உட்பட. கழிவுநீரைச் சேற்றோடு கலந்து காற்றூட்டிச் சுத்தம் செய்யும் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறையே அப்படித்தான் பிறந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்கு ஆலோசகராக இருந்த கில்பர்ட் ஃபவுலர் 1912இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள லாரன்ஸ் சோதனை நிலையத்தைப் பார்க்கப் போனார். அங்கே கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து மான்செஸ்டரின் டேவிஹல்ம் நிலையத்தில் வேலை செய்த ஆர்டெர்ன், லாக்கெட் இருவரிடமும் சொல்லி, முயன்று பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் படிந்த சேற்றைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, புதுக் கழிவுநீரை ஊற்றி மறுபடி காற்றைச் செலுத்தினார்கள். சுத்தமாகும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. 1914இல் கட்டுரை வெளியானது. ஒரு பயணமும் ஒரு வழிகாட்டியும் சேர்ந்து செய்த வேலை அது.

பார்வையிட அனுமதி கேட்கும் மடலில் நான்கு விஷயம் இருக்கட்டும்: எத்தனை பேர் (மூவருக்கு மேல் வேண்டாம்), எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் (90 நிமிடம் சரியாக இருக்கும்), பாதுகாப்புக் காலணியும் ஹெல்மெட்டும் நீங்களே கொண்டுவருவீர்கள் என்பது. போனபின் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். திறந்த வெட் வெல் (கழிவுநீர் சேரும் கிணறு), மேன்ஹோல் பக்கம் குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் அளவை நெருங்கும்போது மூக்கு அதை உணர்வதையே நிறுத்திவிடும். ‘நாற்றம் போய்விட்டதே’ என்று நினைப்பவர்தான் ஆபத்தில் இருக்கிறார். அழைத்துப்போகிறவர் இதையெல்லாம் கவனித்துக்கொண்டே வருவார். திரும்பி வந்து இரண்டு நாளுக்குள் அரைப்பக்கக் குறிப்பு அனுப்புங்கள்: நன்றி ஒரு வரி, கற்றது இரண்டு வரி, ஒரு கேள்வி.

மடல் அனுப்பும் நேரத்தையும் பாருங்கள். பெருமழை, குழாய் உடைப்பு, நீரின் தரம் கெட்ட செய்தி, நிதியாண்டுக் கடைசி ஆகிய நாட்களில் அனுப்பிய மடல் கிணற்றில் போட்ட கல். இரண்டு வாரம் பொறுத்து, ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

சங்கங்கள் பற்றி. பன்னாட்டு நீர்ச் சங்கமான ஐடபிள்யூஏ 1999இல் இரண்டு பழைய சங்கங்கள் இணைந்து உருவானது. அதில் இளம் நீர்த்துறையினருக்குத் தனிப் பிரிவு உண்டு, பல நாடுகளில் கிளைக் குழுக்களும் உண்டு. வட அமெரிக்காவில் 1881இல் தொடங்கிய ஏடபிள்யூடபிள்யூஏ குடிநீர்ப் பக்கம், 1928இல் தொடங்கிய டபிள்யூஇஎஃப் கழிவுநீர்ப் பக்கம். சந்தா கட்டினால் ஓர் அட்டை கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டார். ஏதாவது ஒரு தொழில்நுட்பக் குழுவில் யாரும் கை தூக்காத வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: கூட்டக் குறிப்பு எழுதுவது, வெபினாருக்கு வந்த கேள்விகளைத் தொகுப்பது, கட்டுரைச் சுருக்கங்களைப் பிரித்து வைப்பது. பேச்சாளருக்கு மடல் எழுத அப்போது உங்களுக்கு நியாயமான காரணம் இருக்கும், அவரும் பதில் போட்டே ஆக வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

கருத்தரங்கில் ஓரமாக நிற்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரிய அரங்கை விடுங்கள். போஸ்டர் வைத்திருக்கும் பகுதிக்குப் போங்கள். போஸ்டர் பக்கத்தில் நிற்கிறவர் யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும் மனிதர். முந்தின இரவே நிகழ்ச்சி நிரலைப் பார்த்து ஆறு போஸ்டரைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி தயார் செய்யுங்கள். “முதலில் முயன்று சரிவராமல் போனது எது?” என்ற கேள்வி எல்லா இடத்திலும் வேலை செய்யும். கண்காட்சிக் கடைகளுக்குக் கடைசி நாள் பிற்பகலில் போங்கள். கூட்டம் வடிந்திருக்கும், விற்பனைப் பேச்சும் ஓய்ந்திருக்கும், பொறியாளர்கள் உண்மையைப் பேசுவார்கள். வாங்கிய விசிட்டிங் கார்டின் பின்னால் அங்கேயே இரண்டு சொல் எழுதிவையுங்கள், என்ன பேசினீர்கள் என்று. மூன்றாம் நாள் பார்க்கும்போது எல்லாக் கார்டும் ஒன்றுபோல இருக்கும்.

சரி, வழிகாட்டி. “எனக்கு மென்டாராக இருப்பீர்களா?” என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் காலவரையில்லாத பொறுப்பை ஏற்க மாட்டார். மேலே சொன்னபடி ஒரு கேள்வி கேட்டு, பலனைச் சொல்லி, அடுத்ததைக் கேட்டு என்று மூன்று சுற்று ஓடியபின் அவர் ஏற்கனவே உங்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருக்கிறார். அப்போது இப்படிக் கேளுங்கள்: “மாதம் ஒருமுறை 45 நிமிடம், ஆறு மாதம். மொத்தம் நாலரை மணி நேரம் கொடுக்க முடியுமா?” முடிவு தெரிந்த வேலை என்பதால் ஒப்புக்கொள்வது எளிது.

அந்த ஆறு மாதத்துக்கு ஒரே ஓர் இலக்கு வையுங்கள். ‘துறையில் வளர வேண்டும்’ என்பது இலக்கு அல்ல. ‘ஒரு விநியோக மண்டலத்தின் மாடலை எபானெட்டில் நானே கட்டி, களத்தில் அளந்த அழுத்தத்தோடு (நீர் உயரக் கணக்கில்) 2 மீட்டர் வித்தியாசத்துக்குள் கொண்டுவர வேண்டும்’ என்பது இலக்கு. எபானெட் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993இல் வெளியிட்ட, குழாய் வலையமைப்பில் நீரின் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடும் மென்பொருள், இன்றும் இலவசம். மாடல் அளவீட்டோடு பொருந்தாதபோது புதியவர் குழாயின் உரசல் எண்ணை இழுத்துப் பிடித்துப் பொருத்திவிடுவார். “35 ஆண்டு ஓடிய குழாய்க்கு இந்த எண் வராது, போய் வால்வைப் பார்” என்று சொல்ல ஆள் வேண்டும். வழிகாட்டியின் மதிப்பு அந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஒவ்வொரு சந்திப்புக்கும் இரண்டு நாள் முன்னால் மூன்று வரி அனுப்புங்கள்: போன முறைக்குப்பின் செய்தது, நின்றுபோன இடம், இந்த முறை எடுக்க வேண்டிய முடிவு. சந்திப்பை நீங்கள் ரத்து செய்யவே கூடாது. அவர் ரத்து செய்தால் முகம் சுளிக்காமல் அடுத்த தேதியைக் கொடுங்கள். தொடர்ந்து மூன்று முறை தள்ளிப்போனால் அவருக்கு நேரமில்லை என்று புரிந்துகொண்டு, நன்றி சொல்லி நீங்களே விடுவித்துவிடுவது நாகரிகம்.

எல்லாவற்றுக்கும் ஒரே வழிகாட்டியை நம்பாதீர்கள். தொழில்நுட்பத்துக்கு ஒருவர், பத்து வருடம் முன்னே போனவர் ஒருவர், இரண்டு மூன்று வருடம் மட்டும் மூத்தவர் ஒருவர். மூன்றாமவரை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இன்றைய நேர்முகத்தேர்வில் என்ன கேட்கிறார்கள், எந்தச் சான்றிதழுக்கு இப்போது மதிப்பு என்பது முப்பது வருட அனுபவசாலிக்குத் தெரியாது. உங்கள் நேரடி மேலாளர் நல்லவராகவே இருக்கலாம், இருந்தாலும் தொழில்வாழ்க்கை வழிகாட்டியாக அவரை வைத்துக்கொள்ளாதீர்கள். ‘வேறு வேலைக்குப் போகலாமா’ என்ற கேள்வியை அவரிடம் கேட்க முடியாது. வழிகாட்டி சொன்னதெல்லாம் வேதவாக்கும் இல்லை. மணல் வடிகட்டியில் வாழ்நாளைக் கழித்தவர் மெம்பரேனைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும்.

வேலை மாற உதவி கேட்பது பற்றி: கேட்கலாம், ஆனால் பழகி மூன்று மாதமாவது ஆகியிருக்கட்டும். “எங்காவது வேலை இருந்தால் சொல்லுங்கள்” என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. “விநியோக வலையமைப்பு மாடலிங் பக்கம் போக நினைக்கிறேன். இந்த மூன்று நிறுவனங்களில் எங்கே புதியவரைக் களத்துக்கு அனுப்புவார்கள்?” என்றால் பதில் சொல்வார், தெரிந்தவர் இருந்தால் பெயரையும் சேர்த்தே சொல்வார். அவர் யாருக்காவது முன்னனுப்ப வசதியாக ஒரு பக்க சுயவிவரம் தயாராக இருக்கட்டும். அதில் ‘நீர்த்துறையில் மிகுந்த ஆர்வம்’ என்ற வரியை அடித்துவிட்டு, நீங்கள் வேலை பார்த்த நிலையம் ஒரு நாளைக்கு எத்தனை மில்லியன் லிட்டர், என்ன முறை, எந்தச் சோதனைகளை உங்கள் கையால் செய்வீர்கள் என்று எழுதுங்கள்.